நிலவரிச் சீட்டில் யார் பேர்?

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் 31-ஆம் தேதிக்குள் நிலவரி கட்டியாக வேண்டும். நம் தோட்டத்துச் சனங்கள் "சுக்காய் தானா" என்று சொல்வது இதைத்தான். இப்போது கைத்தொலைபேசியிலேயே கட்டிவிடலாம் என்றாலும், மே மாதக் கடைசியில் நில அலுவலகத்து முகப்பில் நம்மவர் நிற்கிற வரிசை இன்னும் குறைந்தபாடில்லை.

அப்படியொரு நாளில் சுங்கை ஆயர் தாவாரில் ஒரு தேநீர்க் கடையில் நாம் உட்கார்ந்திருந்தோம். செம்பனைக் குலை வெட்டியே முதுகு வளைந்து, வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆன ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நெகிழி உறையில் பத்திரமாகச் சுருட்டி வைத்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எம் பேரு சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருந்தது. அது அவர் வீட்டு மனைக்கு வந்த முதல் நிலவரிச் சீட்டு. பக்கத்து மேசை இளைஞன் ஒருவன் சிரித்தான். "வரி கட்டுறதுக்கா தாத்தா இம்புட்டுச் சந்தோசம்?"

பெரியவர் கோபித்துக் கொள்ளவில்லை. "எங்கப்பா லயத்துல பொறந்து லயத்துலயே செத்தாருப்பா. அவருக்கு இந்த மாதிரிச் சீட்டு ஒண்ணு ஒருத்தனும் அனுப்பல. அரசாங்கம் எங்கிட்ட வந்து காசு கேக்குதுன்னா, அந்த மண்ணு என்னுதுன்னு ஒத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

படித்தவர்கள் பத்துப் பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை அவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். அவர் பேச்சின் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் இன்று இந்தப் பகுதியில் நிலவரியைப் பற்றி எழுதுகிறோம்.

உடம்புக்குப் பதில் காசு

இந்த வரிக்கு ஆங்கிலத்தில் "குவிட் ரெண்ட்" என்று பேர். "விட்டு விடுதலையான வாடகை" என்று அதற்குப் பொருள் சொல்லலாம். எதிலிருந்து விடுதலை? அதில்தான் சங்கதி இருக்கிறது.

பழைய இங்கிலாந்தில் நிலமெல்லாம் அரசனுக்கும் பிரபுக்களுக்கும் சொந்தம். நிலத்தை அனுபவிக்கிறவன் அதற்கு ஈடாக ஊழியம் செய்ய வேண்டும். பெரியவனாக இருந்தால் குதிரையேறிப் போருக்குப் போக வேண்டும். சின்னவனாக இருந்தால் பிரபுவின் வயலை உழ வேண்டும், அறுக்க வேண்டும், வேலி கட்ட வேண்டும். காலப்போக்கில், "இந்த ஊழியமெல்லாம் வேண்டாம், ஆண்டுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிடு, உன்னை விட்டோம்" என்று ஏற்பாடு வந்தது. அந்தக் காசுக்குத்தான் இந்தப் பேர். அதைக் கட்டியவனை வேறு எந்த வேலைக்கும் கூப்பிட முடியாது. நிலத்துக்காகப் போர்ச்சேவை செய்யும் முறையை 1660-இல் சட்டம் போட்டே ஒழித்தார்கள்.

இன்றும் லண்டன் மாநகரத்தார் ஆண்டுக்கொரு முறை நீதிமன்றத்தில் ஒரு சடங்கு நடத்துகிறார்கள். 1211-ஆம் ஆண்டு முதல் தொடரும் ஒரு நிலத்துக்கு மழுங்கிய கத்தி ஒன்று, கூரிய கத்தி ஒன்று. 1235 முதல் தொடரும் ஒரு கொல்லுப்பட்டறைக்கு ஆறு குதிரை லாடம், 61 ஆணி. அரசருடைய அதிகாரி முன்னால் ஆணியை எண்ணிக் காட்டுகிறார்கள். அந்தப் பட்டறையே இன்று இல்லை. ஆனாலும் வாடகை நிற்கவில்லை. வாடகை நின்றால் உரிமை நின்றுவிடும் என்ற பயம் வெள்ளைக்காரனுக்கே அவ்வளவு இருக்கிறது!

நம் பாட்டன் ஊரிலும் இதே கதை

இது வெள்ளைக்காரன் கதை மட்டுமன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் "வெட்டி" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கூலியில்லாமல் ஊருக்கும் அரசுக்கும் செய்ய வேண்டிய கட்டாய வேலை அது. ஏரிக்கரை மண் சுமப்பதும் வாய்க்கால் தூர் எடுப்பதும் அதில் அடக்கம். பின்னால் பல இடங்களில் அந்த வேலைக்குப் பதிலாக நெல்லாகவோ காசாகவோ வாங்கிக்கொண்டார்கள். இன்று நாம் "வெட்டி வேலை", "வெட்டிப் பேச்சு" என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் பாட்டன்மாரின் வேர்வை ஒளிந்திருக்கிறது.

ஊழியத்துக்கு ஈடாக நிலம் என்பதும் அங்கே உண்டு. கோயிலுக்கு மேளம் வாசிக்கிறவருக்கும் ஊருக்குக் காவல் நிற்கிறவருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் மானியம் விட்டிருந்தார்கள். வேலை செய்கிற வரைக்கும் நிலம், வேலை போனால் நிலமும் போகும் என்பது அதன் விதி. 1858-இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைத்தார்கள். "ஊழியம் வேண்டாம், ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கட்டிவிடுங்கள், நிலம் உங்களுக்கே" என்று பல மானியங்களை விடுவித்துப் பட்டயம் கொடுத்தார்கள். அந்தத் தொகைக்கும் "குவிட் ரெண்ட்" என்றுதான் பேர் வைத்தார்கள். அதைக் கட்டியவர் நிலத்தை விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கப்பலேறிய நம் பாட்டன்மாரில் மிகப் பலருக்கு அந்த மானியமும் இருந்ததில்லை. அவர்கள் பிறர் நிலத்தில் பண்ணையாளாகக் கிடந்தவர்கள். நிலம் இல்லாத கொடுமையால்தான் கடல் கடந்தார்கள். வந்த இடத்திலாவது நிலம் கிடைத்ததா?

மலாய்க் குடியானவனுக்கு நடந்தது

இந்த மண்ணிலும் பழைய முறை அதுவே. ராஜாவுக்கும் பெங்குலுவுக்கும் குடியானவன் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். படகு தள்ள வேண்டும், கோட்டை கட்ட வேண்டும், காடு வெட்ட வேண்டும். "கெரா" என்று அதற்குப் பேர். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கும் உண்டு.

ஆனால் அந்தப் பழைய வழக்கத்தில் ஒரு நியாயமும் இருந்தது. காடாகக் கிடக்கிற மண் "செத்த நிலம்". எவன் அதை வெட்டித் திருத்திப் பயிர் வைக்கிறானோ அவன் கையில் அது "உயிருள்ள நிலம்" ஆகிறது. அவன் பயிரிடுகிற வரைக்கும் அதில் அவனுக்கு உரிமை உண்டு. இதை 1884-இல் எழுதி வைத்தவர் வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் என்ற ஆங்கில அதிகாரி. அவரே பின்னர் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்தார். 1891-இல் நிலங்களை ஏட்டில் பதிவு செய்து பட்டா கொடுக்கும் டோரன்ஸ் முறை சிலாங்கூரில் சட்டமானது. கட்டாய வேலையும் பத்தில் ஒரு பங்கும் மறைந்தன. அவற்றின் இடத்தில் ஆண்டு நிலவாடகை வந்தது. குடியானவன் உடம்பால் கட்டியதைக் காசால் கட்டி, தன் நிலத்துக்குப் பேர் எழுதிய தாளை வாங்கிக்கொண்டான்.

தோட்டத்தில் மட்டும் ஏன் இல்லை?

அதே சட்டத்தின் கீழ்தான் துரைமார்களும் நிலம் எடுத்தார்கள். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு தோட்டமாகியது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம், பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கொனியே 1917-இல் இந்த நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். தென்னமரம் தோட்டம் என்று அதற்குப் பேர். பேர் தமிழ்ப் பேர்தான், பட்டா மட்டும் தமிழன் பேரில் இல்லை.

துரை அரசாங்கத்துக்கு நிலவாடகை கட்டினார். கட்டியதால் அவருக்கு எந்த ஊழியமும் இல்லை. தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? லயத்தில் ஓர் அறை. அதற்கு வாடகை கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். வாடகை இல்லை என்பது உண்மைதான். ஆனால் காலை இருட்டில் பிரட்டுக்கு வந்து நின்றால்தான் அந்த அறை. பேர் வெட்டினால் அறையும் காலி. வயதாகிவிட்டால் பிள்ளை பேர் பதிய வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும்.

கூர்ந்து பார்த்தால் இது என்ன? இங்கிலாந்தில் 1660-இல் போனது, சென்னையில் 1858-க்குப் பிறகு காசாக மாறியது, மலாய்க் குடியானவனை விட்டு நூறாண்டுக்கு முன்பே விலகியது. ஊழியத்துக்கு ஈடாகக் குடியிருப்பு என்ற அந்தப் பழைய முறை நம் லயத்தில் மட்டும் நாலு தலைமுறை நின்றுவிட்டது. "ஊழியத்தை விட்டேன், காசை வாங்கிக்கொள், மண்ணைக் கொடு" என்று சொல்லும் வாய்ப்பு நமக்கு வரவேயில்லை.

"கூலி கொடுத்தோமே, அதற்குமேல் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், பதில் சொல்லிவிடுவோம். மரம் வெட்டியதற்கும் பால் எடுத்ததற்கும் கூலி வந்தது. ஆனால் செத்த நிலத்தை உயிருள்ள நிலமாக ஆக்கியதற்கு, பாம்புக்கும் மலேரியாவுக்கும் பிள்ளைகளைக் கொடுத்ததற்கு எந்தக் கிராணி கணக்கெழுதினார்? இந்த நாட்டுப் பழைய வழக்கப்படி பார்த்தால் காட்டைத் திருத்தியவனுக்கு மண்ணில் ஒரு பங்கு உண்டு. நாம் தோட்டத்தையா கேட்கிறோம்? குடியிருந்த வீட்டளவு மண்ணைத்தானே கேட்கிறோம்!

முயற்சிகள் இல்லாமல் இல்லை

வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பஸ்தனான தொழிலாளிக்குக் காய்கறி போட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. அதுவும் இரவல் மண்தான், வேலை போனால் கொல்லையும் போகும்.

ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தொழிலாளிகள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்போதுதான் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார். "கூலிக்காரன் காசில் தோட்டமா?" என்று சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்.

எழுபதுகளில் அரசாங்கம் தோட்டத் தொழிலாளர் வீட்டுடைமைத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. சில தோட்டங்களில் வீடு எழும்பியது, பல தோட்டங்களில் பேச்சோடு நின்றது. 1990-இல் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றிய சட்டம் வந்தது. தண்ணீர், விளக்கு, கூரை பற்றி அது பேசுகிறது. சொந்தம் என்பதைப் பற்றிப் பேசவில்லை.

நம் வட சிலாங்கூரிலேயே நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்ஞாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் வீட்டுக்காக இருபது ஆண்டுக்கும் மேலாக அலைந்தார்கள். மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், மந்திரிகள் மாறி மாறி வந்ததைப் பார்த்தார்கள். 2023-இல்தான் 245 குடும்பங்களுக்கு வீடு கட்ட நிலத்துக்கும் பணத்துக்கும் வழி பிறந்தது. காத்திருந்தவர்களில் எத்தனை பேர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள்! ஆயினும் அவர்கள் கலைந்து போகாமல் ஒன்றாய் நின்றதால்தான் அந்த வழி பிறந்தது என்பதை மறக்கலாகாது.

நம் பக்கத்துக் குறை

பிறரைக் குறை சொல்லிவிட்டு நம் முதுகைப் பார்க்காமல் இருக்கலாமா? இன்று தோட்டத்தில் நம்மவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது. வேலைக்கு வெளிநாட்டார் வந்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். லயத்தில் மிஞ்சியிருப்பவர் பெரும்பாலும் கிழவர்கள். வெளியேறியவர்களில் சிலர் மனை வாங்கியிருக்கிறார்கள், சிலர் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிறார்கள். இவர்களிடம் மூன்று தவறான எண்ணங்களைப் பார்க்கிறோம்.

முதலாவது, "மூணு தலைமுறையா இருக்கோம், எங்கள யாரு கெளப்புவா?" என்பது. 1966 ஜனவரி முதல் நாளிலிருந்து நடப்பில் உள்ள தேசிய நிலச் சட்டம் இதை ஏற்கவில்லை. எத்தனை காலம் குடியிருந்தாலும், குடியிருந்ததனால் மட்டும் அரசாங்க நிலமோ, பிறர் பேரில் பதிந்த நிலமோ உங்களுடையது ஆகிவிடாது. ஏட்டில் யார் பேரோ அவருக்கே நிலம்.

இரண்டாவது, "எங்கிட்ட டி.ஓ.எல். இருக்கு" என்பது. அது தற்காலிக உரிமம், பட்டா அன்று. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. பிறருக்கு மாற்ற முடியாது. எடுத்தவர் இறந்தால் அதுவும் அவரோடு போச்சு. அதுபோலவே ஊராட்சி மன்றத்துக்குக் கட்டுகிற "சுக்காய் பிந்து" ரசீதை வைத்துக்கொண்டு நிலம் நம்முடையது என்று இருப்பவர்களும் உண்டு. வீட்டு வரி வேறு, நிலவரி வேறு. மின்சாரச் சீட்டில் பேர் இருந்தாலும் மண்ணுக்கு அது சாட்சியாகாது.

மூன்றாவதுதான் மிக மோசம். பட்டா உள்ளவரே வரியைக் கட்டாமல் விட்டுவிடுவது. "சின்னக் காசுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஐந்து வருஷம், பத்து வருஷம் போகிறது. சட்டம் என்ன சொல்கிறது? ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த ஆண்டுக்கான வரி கடன். மே மாதம் முடிந்தால் பாக்கி. பிறகு நில அலுவலகம் 6ஏ பாரத்தில் அறிக்கை அனுப்பலாம். அந்த அறிக்கை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலத்தையே பறிமுதல் செய்து அரசாங்கத்துக்குச் சேர்க்க அதிகாரம் உண்டு. அறிக்கையோ பழைய தோட்டத்து விலாசத்துக்குப் போகும், அந்த லயமே இப்போது இருக்காது!

இன்னொரு வகையிலும் நம் நிலம் கைநழுவுகிறது. பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கும். அவர் இறந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்ள மாட்டார்கள். வரியை யார் கட்டுவது என்று சண்டை. சிறிய சொத்துகளைப் பங்கிட்டுப் பேர் மாற்ற 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நில அலுவலகத்திலேயே விசாரணை நடக்கிறது. பெரிய வழக்கறிஞர் தேவையில்லை. இறப்புப் பத்திரமும் பட்டாவும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டன் ஒரு பட்டாவுக்காகத் தவித்தான். பேரன் கையில் இருக்கிற பட்டாவைக் கறையானுக்குக் கொடுக்கலாமா?

அரசாங்கத்திடம் நாம் கேட்பது

நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ள விஷயம். தோட்டக்காரர் ஒருவர் விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாகவோ தொழிற்சாலை நிலமாகவோ மாற்ற வேண்டுமானால் மாநில அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதற்கும் துண்டாடுவதற்கும் தோட்ட நில வாரியத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. தோட்டத் துண்டாடலால் பட்ட பாட்டுக்குப் பிறகு நாடு போட்ட வேலி அது.

அந்த இடத்தில்தான் நம் குரல் ஒலிக்க வேண்டும். நிலத்தின் தன்மையை மாற்றும்போது அரசாங்கம் சம்பந்தப்பட்டவரிடம் பெரும் தொகை வாங்குகிறது. "இந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பம்? அவர்களுக்கு எந்த மூலையில் மனை? பட்டா தனித்தனியாகக் கிடைக்குமா?" என்று அதே மேசையில், அதே நாளில் கேட்கட்டும். பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடட்டும். கைமாறிய பிறகு கேட்டால் பழைய முதலாளி "வித்துட்டேன்" என்பார், புதிய முதலாளி "எனக்குத் தெரியாது" என்பார். இதுதான் இத்தனை காலமாக நடந்தது.

இரண்டாவது கோரிக்கை: கொடுப்பது வீடாக மட்டும் இருக்கக் கூடாது, பட்டாவும் கூட வர வேண்டும். சாவியைக் கொடுத்துப் படம் பிடித்துவிட்டுப் பட்டாவைப் பத்து வருஷம் கழித்துக் கொடுப்பது, மறுபடியும் நம்மை இரவல் குடியாக வைப்பதற்குச் சமம்.

தோட்டத்திலிருக்கும் தோழர்களும் சும்மா இருக்கலாகாது. யார் யார் எத்தனை வருஷம் வேலை செய்தார்கள், எந்த லயத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று இன்றே பட்டியல் எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தோட்டம் கைமாறப் போகிறது என்று காதில் விழுந்த அன்றே சங்கத்தையும் சட்டமன்ற உறுப்பினரையும் பாருங்கள். லாரி வந்து நின்ற பிறகு ஓடிப் பயனில்லை.

அந்தப் பெரியவர் தேநீர்க் காசைக் கொடுத்துவிட்டு, சீட்டை மறுபடியும் உறைக்குள் போட்டு, நெஞ்சோரப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று அந்த இளைஞனைப் பார்த்து, "உங்க வீட்டுச் சீட்டு யாரு பேர்ல வருதுன்னு இன்னிக்குப் போயி பாரு தம்பி" என்றார்.

வாசகர்களுக்கும் நாம் அதையே சொல்கிறோம். இன்றே பாருங்கள். தாத்தா பேரில் வந்தால் மாற்றுங்கள். பாக்கி இருந்தால் கட்டுங்கள். எந்தப் பேரிலும் வராவிட்டால், வரும் வரைக்கும் கேளுங்கள். உடம்பால் நாலு தலைமுறை கட்டியாகிவிட்டது. இனி நாம் காசால் கட்ட வேண்டும், சீட்டில் நம் பேர் வர வேண்டும்.